மேற்கே மழை, கிழக்கே காற்று: வானிலை கேள்வி பதில்

ஆனி பிறந்தது முதல் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காற்றையும், அதனுடன் சேர்ந்து வரும் வறட்சியையும் பற்றியவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் வாழ்பவர்களுக்கு அன்றாட வானிலை என்பது இதுவே. ஆகவே இந்த இதழின் விடைகள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (வள்ளியூர் வாசகர்): மலை உச்சியில் நாள் முழுவதும் மேகம் கவிந்திருப்பது எங்கள் தோட்டத்திலிருந்தே தெரிகிறது. கேரளத்தில் ஆறுகள் கரைபுரள்வதாகச் செய்தி வருகிறது. எங்களுக்கோ புழுதிக் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் மேகம் ஏன் இந்தப்பக்கம் வந்து பெய்வதில்லை?

பதில்: மேகம் வராததற்குக் காரணம் காற்று வராமல் போனது அன்று. அங்கே மழையாகப் பெய்வதும் இங்கே புழுதி கிளப்புவதும் ஒரே காற்றுதான். அரபிக்கடலில் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்திற்குக் குறுக்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி துளிகளாகி மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானதற்கு இந்த ஏற்றமே அடிப்படை.

பள்ளிப் பாடத்தில் 'மழை மறைவுப் பகுதி' என்று படித்த அளவில் நாம் இதை விட்டுவிடுகிறோம். அது பாதி விளக்கமே. மீதிப் பாதி, காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது நடக்கிறது. ஈரக்காற்று மேகமாகி மேலே ஏறுகையில், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் நான்கு முதல் ஆறு டிகிரி வரையே குளிர்கிறது. ஏனென்றால் நீராவி துளியாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் அந்தக் குளிர்ச்சியை ஓரளவு ஈடுகட்டுகிறது. மழையை இழந்துவிட்ட அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போதோ, ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடாகிறது. இந்தக் கணக்கின்படி 1,200 மீட்டர் உயரமுள்ள மலையைக் கடந்து வரும் காற்று, மேற்கே புறப்பட்டபோது இருந்ததைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதல் வெப்பத்துடனும், மிகக் குறைந்த ஈரப்பதத்துடனும் உங்கள் ஊரை அடையக்கூடும். அதனால்தான் நீங்கள் பார்க்கும் மேகம் உச்சியிலேயே நிற்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது நிற்கவில்லை. மேற்கே ஓயாமல் உருவாகி, கிழக்கே இறங்கத் தொடங்கியவுடன் கரைந்துகொண்டே இருக்கிறது. அந்தப்பக்கம் மழை எவ்வளவு வலுக்கிறதோ, இந்தப்பக்கம் அவ்வளவுக்குக் காற்றும் வறட்சியும் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். கேரளத்தின் மழைச் செய்தியைக் கேட்டுவிட்டு மழைக்காகக் காத்திருப்பதைவிட, அதைக் காற்றுக்கான முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்வது உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

கேள்வி (உடுமலைப்பேட்டை வாசகி): எங்கள் பகுதியிலும் ஆரல்வாய்மொழியிலும் வீசும் அளவுக்கு, மலையடிவாரத்தில் உள்ள எல்லா ஊர்களிலும் காற்று வீசுவதில்லையே?

பதில்: மலைச்சுவரில் வாசல் இருக்கும் இடங்களுக்கு நேர் கிழக்கே நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே காரணம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குமேல் அகலமுள்ளது. இருபுறமும் 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் நிற்க, கணவாயின் தரையோ சில நூறு மீட்டர் உயரத்திற்குள் அடங்கிவிடுகிறது. ஏறிக் கடக்க இயலாத காற்று அங்கே திரண்டு பாய்கிறது; குறுகலான வழியில் அதன் வேகம் கூடுகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கு ஆகியவற்றிலும் அளவில் வேறுபட்டாலும் நடப்பது இதுவே. கணவாயிலிருந்து தள்ளி, உயர்ந்த மலைக்கு நேர் பின்னால் இருக்கும் ஊர்களில் அதே நாளில் காற்று மந்தமாக இருப்பதைக் காணலாம்.

தமிழ்நாட்டுக் காற்றாலைகள் அமைந்துள்ள இடங்களே இதற்கு நல்ல வரைபடம். 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது, பிறகு முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை, தேனி எனக் கணவாய்களின் கிழக்கு வாயில்களைப் பின்பற்றியே பரவியது. காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வீசும் காற்றைவிட 40 கிலோமீட்டர் வீசும் காற்றில் எட்டு மடங்கு ஆற்றல் உள்ளது. மாநிலத்தில் நிறுவப்பட்டுள்ள பத்தாயிரம் மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைத் திறன், ஆண்டின் சில மாதங்களில் மட்டும் முழு வீச்சில் பயன் தருவதும் இதனால்தான்.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): வானிலை அறிக்கையில் 'பலத்த தரைக்காற்று மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர்' என்கிறார்கள். மீனவர்களுக்கு மட்டும் 'சூறாவளிக்காற்று 45 முதல் 55, இடையிடையே 65' என்கிறார்கள். நாங்கள் எந்த எண்ணுக்கு அஞ்ச வேண்டும்? 'ஓரிரு இடங்களில்' என்பதற்கும் 'ஒருசில இடங்களில்' என்பதற்கும் வேறுபாடு உண்டா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். வேறுபாடு உண்டு, அது அளந்து வகுக்கப்பட்டது. அப்பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பதிவாகக்கூடும் என்றால் 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 விழுக்காடு வரை என்றால் 'ஒருசில இடங்கள்'. அதற்குமேல் முக்கால் பங்கு வரை 'பல இடங்கள்'. அதையும் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. ஆடி மாதத்தில் 'தமிழகத்தில் ஓரிரு இடங்களில் மழை' என்று வரும்போது, அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் வால்பாறை, கூடலூர், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி, தென்காசியின் மலையடிவாரம் ஆகியவைதாம். கோவில்பட்டியில் அறிக்கை கேட்பவர் அந்த வரியைத் தமக்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி காற்று. நிலையங்களில் காற்றின் வேகம் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், சில நிமிடங்களின் சராசரியாக அளக்கப்படுகிறது. 'இடையிடையே' என்று சொல்லப்படுவது, சில வினாடிகள் மட்டும் எழுந்து அடங்கும் வீச்சு. சேதம் விளைவிப்பது பெரும்பாலும் இந்த வீச்சுதான், சராசரி அன்று. காற்று ஒரு பரப்பின்மீது செலுத்தும் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஏழரை கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். 60 கிலோமீட்டரில் அதுவே 17 கிலோவாகிவிடுகிறது. பத்து சதுர மீட்டர் தகரக் கூரையின் மீது 60 கிலோமீட்டர் வீச்சு செலுத்தக்கூடிய விசை எவ்வளவு என்பதைப் பெருக்கிப் பார்த்தால், கல்லையோ மண்மூட்டையையோ தூக்கி வைப்பது ஏன் போதாது என்பது விளங்கும். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, ஓரங்களில் உறிஞ்சி மேலே தூக்குவதே அதிகம். ஆகவே போல்ட்டுகள் கழன்றிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் காற்று வரும் திசையில் உள்ள விளிம்பும் மூலைகளும்தான்.

வீட்டில் கருவி இல்லாதவர்கள் மரங்களைப் பார்த்தே வேகத்தை மதிப்பிடலாம். 1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த அளவுகோலின் வழிவந்த முறை இது. இலையுள்ள சிறு மரங்கள் முழுவதும் அசையத் தொடங்கினால் மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர். பெரிய கிளைகள் ஆடி, மின்கம்பிகள் இரைந்தால் 39 முதல் 49. பெரிய மரங்களே முழுவதுமாக ஆடி, காற்றை எதிர்த்து நடப்பது கடினமானால் 50-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். பழைய பாம்பன் பாலத்தில் 58 கிலோமீட்டரைக் கடந்தால் ரயிலை நிறுத்திவைத்தார்கள் என்பதிலிருந்து, எந்த எண்ணிலிருந்து கவலைப்பட வேண்டும் என்பதை நீங்கள் ஊகிக்கலாம்.

கேள்வி (திருப்பூர் மாவட்ட வாசகர்): சில வாரங்கள் காற்று ஓயாமல் அடிக்கிறது. திடீரென ஒரு வாரம் அடங்கி, மாலையில் இடியுடன் மழை பெய்கிறது. பிறகு மறுபடியும் காற்று. இதை முன்கூட்டியே அறிய ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. நம் ஊர் வானத்தைப் பார்ப்பதைவிட, தொலைவில் உள்ள இரண்டு இடங்களைக் கவனிப்பதே அதற்குரிய வழி. ஒன்று ஒடிசா, வங்காளக் கடற்கரை. மற்றொன்று இமயமலை அடிவாரம்.

தென்மேற்குப் பருவக்காற்றின் முதுகெலும்பு, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் வேகமான காற்றோட்டம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறி, சோமாலியாவுக்கு அருகில் திரும்பி, அரபிக்கடலைக் கடந்து இந்தியத் தீபகற்பத்தின்மீது பாயும் இதனை 1960-களின் இறுதியில் விரிவாக ஆராய்ந்து விளக்கியவர் ஜான் ஃபைண்ட்லேட்டர். வடக்கு வங்கக்கடலில், ஒடிசாவை ஒட்டி, ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகும்போது அது இந்தக் காற்றோட்டத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. தமிழ்நாட்டின் மீது மேற்குக் காற்று வலுக்கிறது. கேரளம், கர்நாடகக் கடற்கரை, நீலகிரி ஆகிய இடங்களில் மழை தீவிரமாகிறது. உங்கள் பகுதியில் காற்று ஓங்குகிறது, வானம் வறண்டிருக்கிறது. தாழ்வுப் பகுதி நிலத்தில் ஏறி வலுவிழக்கும்வரை, அதாவது சில நாள்கள், இந்நிலை தொடரும். ஆகவே 'ஒடிசா அருகே காற்றழுத்தத் தாழ்வு' என்ற செய்தி, பல்லடத்திலும் ராதாபுரத்திலும் உள்ளவர்களுக்குப் பலத்த காற்றுக்கான எச்சரிக்கையே ஆகும். வங்கக்கடலில் தாழ்வு என்றவுடன் மழையை எதிர்பார்ப்பது நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஏற்பட்ட பழக்கம். ஆடியில் அது பொருந்தாது.

இதற்கு நேர்மாறானது பருவமழையின் இடைவேளை. வட இந்தியச் சமவெளியில் நீண்டு கிடக்கும் தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால், நாட்டின் நடுப்பகுதியில் மழை நின்றுவிடும், மேற்குக் காற்றும் தளரும். காற்று தளர்ந்ததும் வங்கக்கடலின் ஈரக்காற்று பிற்பகலில் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. வெயிலில் சூடான தரையின் மீது அது எழும்பி, மாலை இடிமழையாகிறது. 2023 ஆகஸ்ட், நாடு முழுவதற்குமாகப் பார்த்தால், 1901 முதலான பதிவுகளிலேயே மிக வறண்ட ஆகஸ்ட் மாதம். அப்படி நாடே மழைக்கு ஏங்கும் நாள்கள், தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களுக்கு மாலை மழையைக் கொண்டுவரக்கூடியவை என்பது பலர் அறியாத செய்தி. பருவமழை பலமாக இருக்கிறது, பலவீனமாக இருக்கிறது என்று தேசியச் செய்திகளில் வருவதை அப்படியே நம் வயலுக்குப் பொருத்திக்கொண்டால் இரண்டு வகையிலும் ஏமாற நேரும்.

கேள்வி (ஸ்ரீவைகுண்டம் பகுதி வாழை விவசாயி): குலை தள்ளிய ஏத்தன் வாழைகள் ஒரே மாலையில் சாய்ந்துவிடுகின்றன. முட்டுக் கொடுத்தும் பயனில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தைப் போலவே ஏரல், களக்காடு, சின்னமனூர்ப் பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஓராண்டு உழைப்பு அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கும்போது மண்ணில் விழுவது எளிதில் ஆறக்கூடிய இழப்பு அன்று.

வாழைக்குக் கட்டை கிடையாது. அதன் தண்டு இலையுறைகளால் ஆனது, வேர் ஆழமாக இறங்குவதில்லை, உச்சியிலோ குலையின் கனம். ஆகவே முட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே முதற்கேள்வி. மரம் குலையின் பக்கம் சாய இயல்புடையது. காற்றோ இந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கிறது. குலைப் பக்கம் ஒரு சவுக்குக் கம்பை மட்டும் ஊன்றினால், காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அது உதவாது. இரண்டு கம்புகளைக் கத்தரி வடிவில் குறுக்காகக் கட்டிக் கழுத்தடியில் தாங்கச் செய்வது, அல்லது அருகருகே உள்ள மரங்களை உறுதியான பட்டைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைப்பது கூடுதல் பலன் தரும். குலை தள்ளிய பிறகு முட்டுத் தேடுவதைவிட, ஐந்தாறு மாதப் பயிரிலேயே அடியில் மண் அணைத்து வேர்ப்பிடிப்பை உறுதியாக்குவது அவசியம். காய்ந்து தொங்கும் இலைகளை நீக்கிவிட்டால் காற்று பிடித்துத் தள்ளும் பரப்பு குறையும். பலத்த காற்று எதிர்பார்க்கப்படும் நாளில் நிறையத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. ஊறித் தளர்ந்த மண் வேரை எளிதில் விட்டுவிடும்.

நிலையான தீர்வு காற்றுத்தடுப்பு மரவரிசை. மேற்கு, தென்மேற்கு வரப்புகளில் அகத்தி, சவுக்கு, மூங்கில் ஆகியவற்றை இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி நட்டால், மர உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவு வரையிலாவது காற்றின் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறையும். ஐந்து மீட்டர் உயரமுள்ள வரிசை ஐம்பது மீட்டருக்குக் காவல். ஆனால் அடர்த்தியான சுவர் போல வளர்க்க வேண்டாம். காற்று முற்றிலும் புக முடியாத தடுப்பின் பின்னால் சுழல் உண்டாகிச் சேதம் கூடுகிறது. பாதியளவு இடைவெளி உள்ள வேலியே காற்றின் விசையை நன்றாகத் தணிக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழ் ஊடகங்களில் வானிலை என்றாலே மழை என்றாகிவிட்டது. மழை இல்லாத நாளில் 'வறண்ட வானிலை நிலவும்' என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வறண்ட நாளில்தான் வாழை சாய்கிறது, தகரம் பறக்கிறது, தென்னங்குரும்பை கொட்டுகிறது, கிளை முறிந்து மின்கம்பி அறுகிறது. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் மாவட்டவாரியாக வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கையில் அடுத்த ஐந்து நாள்களுக்கான காற்றின் வேகமும் திசையும் தனிக் கட்டங்களில் கொடுக்கப்படுகின்றன. விவசாயிகளுக்கான வானிலை ஆலோசனைகளைத் தரும் மேக்தூத் என்ற கைப்பேசிச் செயலியிலும் அவற்றைக் காணலாம். மழை அளவைச் சொல்லும் செய்தியாளர்கள் அந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால், முட்டுக் கட்ட இரண்டு நாள் அவகாசமாவது உங்களுக்குக் கிடைக்கும். பயிர்க் காப்பீடு செய்திருப்பவர்கள், காற்றினால் சாய்ந்த இழப்பு தங்கள் பகுதித் திட்டத்தில் அடங்குகிறதா, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பவற்றை வேளாண், தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): 'தென்மேற்குப் பருவத்தில் மழைப் பற்றாக்குறை 60 விழுக்காடு' என்று செய்தி படித்தேன். ஆனால் குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது, பாபநாசம் அணையிலும் தண்ணீர் ஏறுகிறது. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. தூத்துக்குடி மாவட்டமும் அதை ஒட்டிய கரிசல் நிலங்களும் இந்த நான்கு மாதங்களில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த மழை பெறும் பகுதிகளைச் சேர்ந்தவை. இயல்பான அளவே சிறியது என்பதால், ஒரு நல்ல மாலை மழை பெய்தால் 'மிகுதி' என்றும், அது தவறினால் 'பெரும் பற்றாக்குறை' என்றும் விழுக்காடு தாவிவிடும். எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்று கேட்டால்தான் நிலைமை விளங்கும்.

தாமிரபரணி நல்வாய்ப்புப் பெற்ற ஆறு. அது பிறக்கும் பொதிகை மலைப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவங்களிலும் மழை பெறுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு சேர்ந்து கசியும் ஈரமே குற்றாலத்தின் சாரல்; தென்காசியைத் தாண்டிக் கிழக்கே வரவர அதுவும் வற்றிவிடுகிறது. பாளையங்கோட்டையில் புழுதி பறக்கும் அதே வாரத்தில், மலையில் பெய்த மழைநீர் வாய்க்கால் வழியாகக் கார் நெல்லுக்குப் பாய்வது இதனால்தான். ஆற்றுப் பாசனம் உள்ளவர்களுக்கு மலையில் பெய்வதே கணக்கு. கிணற்றையும் மானாவாரியையும் நம்பியவர்களுக்குத் தங்கள் தலைமேல் பெய்வதே கணக்கு. மாவட்டச் சராசரி இருவருக்குமே சரியான விடை தராது.

கேள்வி (விளாத்திகுளம் வாசகர்): ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறார்கள். இந்தக் காற்றில் விதைத்தால் முளைக்குமா?

பதில்: மானாவாரிக் கரிசலில் வேண்டாம். ஆடி விதைப்பு, தென்மேற்குப் பருவத்தில் ஓரளவு மழையோ ஆற்றுநீரோ கிடைக்கும் பகுதிகளுக்குப் பொருந்தும். உங்கள் நிலம் வடகிழக்குப் பருவத்தை நம்பியது. புரட்டாசியில், மழை தொடங்குவதற்குச் சற்று முன்பாக, விதைகளைக் கடினப்படுத்தி, அதாவது ஊறவைத்து மீண்டும் உலர்த்தி, ஈரம் எட்டும் ஆழத்தில் விதைக்கும் முன்பருவ விதைப்பே அங்கே ஏற்றது. இப்போது கோடை உழவு முடித்த நிலத்தைக் கட்டி உடைக்காமல் விட்டு வையுங்கள். பொடியாக்கிய மேல்மண்ணை இந்தக் காற்று வாரிக்கொண்டு போய்விடும்.

கேள்வி (மட்டக்களப்பு வாசகர்): எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்று உடலை எரிக்கிறது. தமிழ்நாட்டுக் காற்றும் இதுவும் ஒன்றா?

பதில்: மூலம் ஒன்று, மலை வேறு. அதே தென்மேற்குக் காற்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் மோதி மேற்குச் சரிவுகளை நனைத்துவிட்டு, கிழக்கே பதுளை வழியாக இறங்கும்போது மேலே சொன்ன கணக்கின்படியே சூடாகி வறள்கிறது. பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம் உள்ளது என்பதை நினைத்தால், இறங்கும் காற்று எவ்வளவு வெப்பம் கொள்ளும் என்பது புரியும். அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளில் சிறுபோகம் எனப்படும் இந்தப் பருவத்து நெற்சாகுபடி குளத்து நீரை நம்பியே நடப்பதற்கும் இதுவே காரணம். மன்னாரில் நிலைமை வேறு. அங்கே காற்றைச் சூடாக்க மலை இல்லை; தடையின்றிக் கடலிலிருந்து பாயும் காற்று என்பதால்தான் மன்னார்த் தீவில் காற்றாலைகள் அமைக்கப்பட்டன. மட்டக்களப்பில் கச்சான் வீசும் நாள்களில் பிற்பகலில் கடற்காற்று உட்புக முடியாமல் போவதால் வெப்பம் மேலும் உயர்கிறது. நண்பகல் முதல் மூன்று மணி வரை வயலில் நிற்பதைத் தவிர்ப்பதும், தாகம் எடுக்காவிட்டாலும் நீர் அருந்துவதும் தேவை; வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் நீரை இழப்பது நமக்குத் தெரிவதில்லை.

கேள்வி (சென்னை வாசகி): எங்களுக்கு மலையும் இல்லை, கணவாயும் இல்லை. ஜூனில் ஏன் இவ்வளவு வெயில்?

பதில்: நிலத்தின் மீது நாள் முழுவதும் சூடேறிய மேற்குக் காற்று வலுவாக இருக்கும்போது, கடற்காற்று கரையேறத் தாமதமாகிறது. முற்பகலிலேயே நுழைந்துவிட்டால் வெயில் தணியும். மூன்று மணிக்குமேல் வந்தால் அன்றைய உச்ச வெப்பம் அதற்குள் பதிவாகிவிடும்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): மழையே இல்லாத நாளில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்கிறார்கள். சில நாள்களில் காற்றும் இல்லை, ஆனாலும் கடல் சீற்றம் என்கிறார்கள். இந்த எச்சரிக்கைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: இவை இரண்டு வேறு எச்சரிக்கைகள். முதலாவது, ஆரல்வாய்மொழி வழியாகவும் குமரிமுனையைச் சுற்றியும் பாயும் காற்று மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் எழுப்பும் அலைகளுக்கானது. மழைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வானம் தெளிந்திருக்கும் நாளிலும் காற்று 60 கிலோமீட்டரைத் தொடலாம். சிறிய வள்ளங்களில் செல்பவர்களுக்குத் தெளிந்த வானமே தவறான துணிவைத் தந்துவிடுகிறது என்பதால், வேகம் குறித்த எண்ணை மட்டுமே நம்புங்கள்.

இரண்டாவது, கள்ளக்கடல் எனப்படுவது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பிய நீண்ட அலைகள், சில நாள்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் அவை கரையில் உயர்ந்து எழும். பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் நிகழும் இதற்கான எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது. அந்த நாள்களில் ஆழ்கடலைவிடக் கரையோரமே ஆபத்தானது. படகுகளைக் கரையில் நெருக்கமாகக் கட்டாமல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பிள்ளைகளை அலையில் இறங்க விடாதீர்கள்.

கேள்வி (கயத்தாறு வாசகி): இந்தக் காற்று எப்போது ஓயும்?

பதில்: பொதுவாக ஆவணி பாதியிலிருந்து தளரத் தொடங்கி, புரட்டாசியில் விட்டுவிட்டு வீசி, தென்மேற்குப் பருவம் நாட்டிலிருந்து விலகும்போது அடங்கும். திடீரென நிற்காது, செப்டம்பரில் ஒடிசா அருகே ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் மறுபடியும் சில நாள்கள் ஓங்கவே செய்யும். உங்கள் ஊரிலேயே பார்த்தறியத்தக்க அடையாளம் காற்றின் திசை. காலையில் மேற்கிலிருந்து வீசினாலும், பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்து சேரும் நாள்கள் அடுத்தடுத்து அமையத் தொடங்கினால் மேற்குக் காற்று தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மாலை இடிமழையும் அப்போதுதான் தொடங்கும். அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டி வடகிழக்குக் காற்று நிலைபெறும். அதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்களில் கூரையைச் சரிபார்ப்பது, மின்கம்பியில் உரசும் கிளைகளை மின்வாரிய ஊழியர்களைக் கொண்டு வெட்டுவிப்பது, குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைத் தூர்வாருவது ஆகியவற்றைச் செய்து முடித்துக்கொள்ளுங்கள்.